நச்சூசா பிரெய்ரிக்குப் போகலாமா? வெறும் புல்தானே?

வாசகர் கேள்வி, 13 மே 2024

அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் டெகால்ப் ஊரில் மகள் படிக்கிறாள். அடுத்த வாரம் அங்கே போகிறோம், ஒரு நாள் மிச்சம் இருக்கிறது. பக்கத்தில் நச்சூசா என்று ஒரு புல்வெளிக் காப்பகம் வரைபடத்தில் தெரிகிறது. யாராவது போயிருக்கிறீர்களா? படங்களில் வெறும் புல்தான் இருக்கிறது. பேசாமல் சிகாகோவுக்கே போய்விடலாமா?

14 மே 2024

போயிருக்கிறேன், நாலு தடவை. நேப்பர்வில்லில் இருந்து ஐ-88 நெடுஞ்சாலையில் மேற்கே ஒன்றேகால் மணி நேரம். டெகால்பில் இருந்து முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். வழி நெடுக மக்காச்சோளமும் சோயாவும்தான்.

அந்த வயல்கள் எல்லாம் ஒரு காலத்தில் ஆளை மறைக்கும் புல் நின்ற நிலம். இல்லினாய் மாநிலத்தில் மட்டும் ஏறக்குறைய 2 கோடியே 20 லட்சம் ஏக்கர் பிரெய்ரி, அதாவது இப்படிப்பட்ட இயற்கைப் புல்வெளி, இருந்தது. அதில் ஏர் படாமல் இன்றும் நல்ல நிலையில் இருப்பது சுமார் 2,500 ஏக்கர். மாநிலத்தின் செல்லப் பெயர் மட்டும் இன்றும் 'பிரெய்ரி மாநிலம்'. வண்டி ஓட்டும்போது இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் பாருங்கள். நச்சூசாவில் இறங்கும்போது புல் வேறு மாதிரி தெரியும்.

மே மாதத்தில் உயரமான புல்லைத் தேடாதீர்கள். முதல் தடவை நான் அப்படித்தான் போய் ஏமாந்தேன், முழங்கால் உயரம்கூட இல்லை. அந்தப் புற்கள் எல்லாம் வெயில் ஏறிய பிறகு எழுபவை. மே மாதத்தில் குனிந்து தரையைப் பார்க்க வேண்டும். அங்கங்கே மணற்கல் குன்றுகள் புடைத்து நிற்கும். அவற்றின் மேல் ஊதா நிறத்தில் பறவைக்கால் வயலெட், ஆரஞ்சு கலந்த மஞ்சளில் பக்கூன் எல்லாம் கணுக்கால் உயரத்தில் பூத்திருக்கும். கல் இருந்ததால்தான் அந்தக் குன்றுகளில் ஏர் ஓடவில்லை, ஏர் ஓடாததால்தான் அந்தப் பூக்கள் தப்பின. 1986இல் நேச்சர் கன்சர்வன்சி என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு இங்கே நிலம் வாங்க ஆரம்பித்தது. தப்பிய துண்டுகளுக்கு நடுவே கிடந்த மக்காச்சோள வயல்களில் விதை தூவி, எல்லாவற்றையும் ஒன்றோடொன்று சேர்த்துக்கொண்டு வருகிறார்கள். இப்போது ஏறக்குறைய 4,000 ஏக்கர்.

காட்டெருமையும் உண்டு. 2014 அக்டோபரில் கொண்டுவந்து விட்டார்கள். அதன் வேலிக்குள் நாம் நடக்கக் கூடாது. அது சாலைப் பக்கம் வந்தால் நம் அதிர்ஷ்டம்.

போங்கள். சிகாகோவை அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம்.

15 மே 2024

நேற்று 'காட்டெருமை' என்று எழுதியது தப்பு. சுட்டிக்காட்டியவர் சொன்னது சரி: எருமைக்கும் இதற்கும் கிட்டத்து உறவு கிடையாது. முதுமலையில் பார்க்கிறோமே காட்டுமாடு, அதுதான் இதற்கு நெருங்கிய சொந்தம். இனி பைசன் என்றே எழுதுகிறேன்.

அதைக் கொண்டுவந்தது வேடிக்கை காட்டுவதற்காக இல்லை. பைசன் பெரும்பாலும் புல்லைத்தான் மேயும், பூச்செடிகளை அவ்வளவாகத் தொடாது. புல் ஒரேயடியாக மேலோங்கிவிட்டால் பூச்செடிகள் நசுங்கிப்போகும். அதற்கு ஒரு வாய் வேண்டியிருந்தது. அப்புறம் அது புழுதியில் புரண்டு புரண்டு பள்ளம் போடும். மழை பெய்தால் அந்தப் பள்ளம் குட்டைதான்.

9 ஜூன் 2024

கேள்வி கேட்டவர் போய்வந்துவிட்டார். பைசன் கண்ணில் படவில்லை, ஆனால் மணற்கல் குன்றில் வயலெட் பார்த்தோம் என்று எழுதியிருக்கிறார். பைசன் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எனக்கும் இரண்டு தடவை வெறும் வேலிதான்.

நான் நேற்றுப் போனது லைல் ஊரில் இருக்கும் மார்டன் ஆர்போரீட்டம் என்ற மரத் தோட்டத்துக்கு. அங்கே ஷூலன்பர்க் பிரெய்ரி என்று 100 ஏக்கர் இருக்கிறது. 1962இல் ரே ஷூலன்பர்க் என்பவர் பழைய பண்ணை நிலத்தில் ஆரம்பித்தது. விதை சேகரித்து, நாற்று வளர்த்து, கையால் ஒவ்வொன்றாக நட்டிருக்கிறார்கள். நாற்று நடவு நமக்குத் தெரிந்ததுதான், நெல்லுக்குச் செய்வதை இங்கே காட்டுப் புல்லுக்குச் செய்திருக்கிறார்கள்.

நேற்றைய விசேஷம் சில்வண்டு. இந்த வருடம் 17 வருடச் சில்வண்டுகள் மண்ணைவிட்டு வெளியே வந்திருக்கின்றன. 2007இல் மண்ணுக்குள் இறங்கிய குஞ்சுகள், இத்தனை வருடம் மரவேரின் சாற்றை உறிஞ்சிக்கொண்டு உள்ளேயே இருந்தவை. ஓக் மரங்களுக்குக் கீழே நின்றால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. மரப்பட்டை தெரியாத அளவுக்குக் கூடு கழற்றிப் போட்டிருக்கின்றன. அங்கிருந்து பிரெய்ரிப் பாதையில் இறங்கி ஒரு 200 அடி நடந்தேன். சத்தம் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. புல்லில் ஒன்றுகூட இல்லை.

கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். மரவேர் இருந்த இடத்தில் மட்டும்தான் அவை பிழைத்திருக்க முடியும். ஆக, எது காடு, எது புல்வெளி என்று கண்ணை மூடிக்கொண்டே காதால் சொல்லிவிடலாம். இந்த எல்லை புரிய எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

10 ஜூன் 2024

சில்வண்டு கடிக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்: இல்லை, கடிக்காது.

11 ஆகஸ்ட் 2024

மறுபடி நச்சூசா. 'வெறும் புல்தானே' என்ற கேள்விக்கு மே மாதம் சரியாகப் பதில் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

பிக் புளூஸ்டெம் என்ற புல் என் தலைக்கு மேலே ஒரு சாண் நிற்கிறது. தண்டு நீலமும் செம்பும் கலந்த நிறம். நுனியில் கதிர் மூன்று கிளையாகப் பிரியும். இங்குள்ளவர்கள் வான்கோழிக் கால் என்கிறார்கள். எனக்கு விரல் விரித்த கேழ்வரகுக் கதிர்தான் ஞாபகம் வந்தது. ஆனால் உறவு என்று பார்த்தால் இது கேழ்வரகுக்குக் கிட்டம் இல்லை. கரும்பு, சோளம், வெட்டிவேர், எலுமிச்சம்புல் இவற்றோடு ஒரே குலம். இதை அழித்துவிட்டு அந்த இடத்தில் வைத்தார்களே மக்காச்சோளம், அதுவும் அதே குலம்தான்.

கேழ்வரகுக்கும் அருகம்புல்லுக்கும் சொந்தம் வேறொரு புல், பிரெய்ரி டிராப்சீட். நூல் நூலாக, கொண்டை அவிழ்ந்த மாதிரி குத்துக் குத்தாக நிற்கும். இப்போது பூத்திருக்கிறது. வெயில் ஏறியதும் ஒரு வாசனை வந்தது. அப்படியே கொத்தமல்லி. சாம்பார்ப் பொடிக்கு வறுக்கும்போது எழுமே, அந்தக் கொத்தமல்லி. ஆளில்லாத புல்வெளி நடுவில் அது வந்ததும் இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன். கூட வந்த மனைவி 'வெண்ணெய் போட்ட பாப்கார்ன்' என்றாள். குனிந்து பூவை நேரே மூக்கில் வைத்துப் பார்த்தால் அவள் சொல்வதும் சரி என்றுதான் தோன்றுகிறது.

இன்னொன்று, பிரெய்ரி டாக் என்ற செடி. சேப்பங்கிழங்கு இலை அளவில் பெரிய இலை, ஆனால் தடிப்பு, உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. நேற்று நல்ல வெயில். அந்த இலையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து அழுத்திப் பாருங்கள், பானைத் தண்ணீரில் கை வைத்தது போல் குளிர்ச்சி. வேர் ஆழத்தில் இருந்து தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கிறது. அதன் உடன்பிறப்பு காம்பஸ் செடி, இலைகளை வடக்கு-தெற்காக நிறுத்திக்கொள்ளும். அப்போது காலை வெயிலும் மாலை வெயிலும் முகத்தில் விழும், உச்சி வெயில் விளிம்போடு போய்விடும். அதன் வேர் பத்தடிக்கு மேலே இறங்கும்.

பிரெய்ரியில் பெரும் பகுதி நம் காலுக்குக் கீழேதான் இருக்கிறது. வெளியே தெரிவது வருடா வருடம் வந்து போகும் தலைமுடி மாதிரி.

20 ஆகஸ்ட் 2024

போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். போன வாரம் காட்டோரத்தில் படம் எடுக்கப் பாதையைவிட்டு இறங்கினேன். இரண்டு நாள் கழித்து முழங்காலுக்குக் கீழே கோடு கோடாகக் கொப்புளம். பாய்சன் ஐவி என்ற நச்சுக்கொடி. ஒரு காம்பில் மூன்று இலை, நடு இலைக்கு மட்டும் காம்பு நீளம். இலை எண்ணெய் துணியில், செருப்பில், நாய் முடியில்கூட ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும். வந்த உடனே சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவியிருந்தால் தப்பித்திருப்பேன்.

இது மாமரம், முந்திரி, சேங்கொட்டை எல்லாம் சேர்ந்த குடும்பம். சேங்கொட்டைப் பால் பட்டுக் கை வெந்தவர்கள், மாங்காய்ப் பால் பட்டு உதட்டில் புண் வந்தவர்கள் நம் ஊரில் உண்டு. நஞ்சும் அதே வகைதான். மாங்காய்ப் பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் இன்னும் கவனமாக இருங்கள்.

உண்ணி பற்றி நான் எழுதாமல் விட்டதும் தப்பு. பேன்ட்டைக் காலுறைக்குள் செருகுங்கள். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, காதுக்குப் பின்னால் எல்லாம் தடவிப் பாருங்கள். பிள்ளைகளுக்குத் தலையையும் பாருங்கள்.

13 அக்டோபர் 2024

எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு மீட்பு நிலம் இருக்கிறது, கொஞ்சம் பிரெய்ரி, கொஞ்சம் ஓக் காடு. அங்கே நேற்று விதை பறிக்க ஆள் கூப்பிட்டார்கள். கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு வாளி கொடுத்தார்கள். முதலில் பிக் புளூஸ்டெம். தண்டைக் கீழே பிடித்து, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து மேலே உருவினால் விதை கையோடு வந்துவிடும். பழுத்திருந்தால் சத்தமே இல்லாமல் வரும். இழுக்க வேண்டியிருந்தால் விட்டுவிடு, இன்னும் ஒரு வாரம் ஆகட்டும் என்றார் கற்றுக்கொடுத்த பெரியவர். எல்லாவற்றையும் உருவக் கூடாது, பாதியாவது செடியிலேயே இருக்க வேண்டும்.

மூன்று மணி நேரத்தில் வாளி நிறைந்தது. தூக்கிப் பார்த்தால் கனமே இல்லை. கரும்புக்காட்டு ஊரில் வளர்ந்தவன் நான், அறுவடை என்றால் சுமை என்றுதான் தெரியும். ஒரு காலை முழுக்க வேலை செய்து கையில் காற்று மாதிரி ஒன்றைச் சுமந்தது இதுதான் முதல் தடவை.

14 அக்டோபர் 2024

நல்ல கேள்வி வந்திருக்கிறது: மாநிலத்திலேயே 2,500 ஏக்கர்தான் மிச்சம் என்கிறீர்கள், நச்சூசா மட்டும் 4,000 ஏக்கர் என்கிறீர்கள், எது சரி?

இரண்டும் சரி. நான் மே மாதம் சேர்த்து எழுதியதில் குழப்பம் வந்துவிட்டது. 2,500 என்பது ஏர் படாமல் தப்பிய, தரமான பழைய நிலம். ரயில் பாதை ஓரம், பழைய கல்லறைத் தோட்டம், கல் மேடு என்று துண்டு துண்டாகக் கிடப்பது. நச்சூசாவில் அப்படிப்பட்டவை சில இடங்களில்தான், மீதிப் பெரும் பகுதி மனிதர்கள் மறுபடி விதைத்தது.

அப்படியானால் மீட்டது உண்மையான பிரெய்ரியா என்று அடுத்து ஒருவர் கேட்கிறார். முதலில் நானும் இல்லை என்றுதான் நினைத்தேன். குன்றின் மேல் பார்த்த பக்கூன், கீழே விதைத்த நிலத்தில் கண்ணில் படவே இல்லை. அதன் விதையை முளைக்க வைப்பது பெரும்பாடு. அப்படி வர மறுக்கும் செடிகள் இன்னும் உண்டு. பழைய மண்ணுக்குள் இருந்ததை எல்லாம் வாளியில் அள்ளிவந்துவிட முடியாது. ஆனால் முந்தாநாள் விதை உருவிய பிறகு, 'உண்மையா' என்ற கேள்வி எனக்குக் கொஞ்சம் மாறிவிட்டது. பழைய நிலத்தை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று செய்துகொள்ளலாம் என்று யாராவது சொன்னால் எதிர்த்து நிற்பேன். அழிந்த நிலத்தில் இதைச் செய்யலாமா என்றால், செய்யத்தான் வேண்டும்.

8 டிசம்பர் 2024

நவம்பரில் அந்த விதையைத் தூவினோம். ஈர மரத்தூளில் கலந்து, வரிசையாக நடந்துகொண்டே கையால் வீசுவது. குளிர்காலத்துக்கு முன் ஏன் என்றால், பல விதைகளுக்கு நீண்ட குளிர் பட்டால்தான் உறக்கம் கலையும்.

நேற்று மரம் வெட்டினோம். இதை எழுதினால் சண்டை வரும் என்று தெரியும், ஒருவர் ஏற்கெனவே 'மரத்தை வெட்டிவிட்டு இயற்கைப் பாதுகாப்பா' என்று கேட்டிருக்கிறார். வெட்டியது பக்தார்ன். ஐரோப்பாவில் இருந்து வேலிக்காகக் கொண்டுவந்த மரம், நம்மூர்ச் சீமைக் கருவேலம் மாதிரி காட்டுக்குள் புகுந்துவிட்டது. மற்ற மரங்களுக்கு முன்னாலேயே தளிர்விடும், எல்லாம் உதிர்ந்த பிறகும் பச்சையாகவே நிற்கும். அதன் நிழலில் வசந்த காலப் பூக்கள் முளைக்க வழியில்லை. ஓக் மரத்தின் காய் விழுகிறது, முளைக்கிறது, வெளிச்சம் இல்லாமல் செத்துப்போகிறது. நேற்று நான் நின்ற இடத்தில் கட்டிப்பிடிக்க முடியாத பருமனில் ஒரு பர் ஓக் இருந்தது. சுற்றிலும் அதன் பிள்ளை ஒன்றுகூட இல்லை. பாட்டி மட்டும் தனியாக இருக்கும் வீடு போல இருந்தது.

பக்தார்ன் பட்டையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே பளிச்சென்று ஆரஞ்சு நிறம். அதை வைத்துத்தான் மற்ற மரத்தில் இருந்து பிரித்து அறிகிறார்கள். வெட்டிய அடிக்கட்டையில் களைக்கொல்லி மருந்து தடவ வேண்டும், இல்லாவிட்டால் ஒன்று இருந்த இடத்தில் பத்துத் துளிர்க்கும். மருந்து தடவுவது எனக்கு முழு மனதோடு இல்லை. ஆனால் தடவாமல் விட்ட பழைய கட்டைகளையும் காட்டினார்கள், புதராகிக் கிடந்தன. வேறு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

30 மார்ச் 2025

நேற்று பிரெய்ரிக்கு நெருப்பு வைப்பதைப் பார்த்தேன். பயிற்சி பெற்றவர்கள் மட்டும்தான் உள்ளே, நாங்கள் சாலையில் நின்றோம். காற்று போகும் பக்கத்து ஓரத்தில் முதலில் மெதுவாகப் பற்ற வைத்து ஒரு கருப்புப் பட்டை உண்டாக்கினார்கள். முதுகில் தண்ணீர்ப் பையோடு இருவர் அதன் ஓரமாகவே நடந்தார்கள். பட்டை போதிய அகலம் ஆனதும், காற்று வரும் பக்கத்தில் போய் வைத்தார்கள். படபடவென்று ஒரு சத்தம். கண்ணை மூடினால் எங்கள் ஊரில் கரும்புத் தோகை எரிகிற சத்தம் அப்படியே. மேலே எழுதிய உறவு காதுக்கும் தெரிகிறது. சில நிமிடத்தில் கருப்புப் பட்டையில் வந்து முட்டி, தானாக அடங்கிவிட்டது.

இந்த நெருப்பு புதிது இல்லை. இங்கே வாழ்ந்த பூர்வகுடிகள் இந்த நிலத்தை வேண்டுமென்றே எரித்துவந்தார்கள். எரிக்காவிட்டால் சில வருடங்களில் புதர், அப்புறம் காடு. புல்லின் மொட்டு மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும். பர் ஓக்குக்குத் தடித்த தக்கைப் பட்டை உண்டு, அதுவும் தாங்கும். நெருப்பைத் தாங்காதவைதான் போகும்.

31 மார்ச் 2025

நேற்று சொல்லாமல் விட்டது. நெருப்பு பார்த்துவிட்டு மேற்கே வண்டியை விட்டு, நச்சூசாவைத் தாண்டி ராக் ஆற்றங்கரையில் கிராண்ட் டீட்டூர் என்ற சிற்றூருக்குப் போனோம். 1837இல் ஜான் டியர் என்ற கொல்லர் எஃகுக் கலப்பை செய்த இடம் அது. அதற்கு முன் வார்ப்பிரும்புக் கலப்பையில் பிரெய்ரி மண் அப்பிக்கொள்ளும், உழுபவர் நின்று நின்று சுரண்ட வேண்டும். அவர் உடைந்த ரம்பத் தகட்டை எடுத்து வளைத்துத் தீட்டினார், மண் வழுக்கிக்கொண்டு விழுந்தது. அவ்வளவுதான், 2 கோடியே 20 லட்சம் ஏக்கருக்கும் வழி திறந்துவிட்டது. அவர் பட்டறை இருந்த இடத்தைத் தோண்டி எடுத்துக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்.

அதற்கு ஐந்து வருடம் முன்னால்தான், 1832இல், பிளாக் ஹாக் தலைமையில் வந்த சாக் பூர்வகுடி மக்களை இதே ஆற்றுப் பக்கமாகப் படைகள் துரத்தின. நெருப்பு வைக்கத் தெரிந்தவர்கள் விரட்டப்பட்டார்கள், உடனே கலப்பை வந்தது. இரண்டையும் தனித்தனியாகப் படித்திருந்தேன். ஒரே நாளில் அந்தப் புகை வாசனை சட்டையில் இருக்க அந்த ஊரில் நின்றபோதுதான் சேர்த்துப் பார்த்தேன். கொல்லர் மேல் எனக்குக் கோபம் இல்லை. விவசாயி வீட்டில் பிறந்தவன், மண் ஒட்டாத கலப்பையின் அருமை தெரியும். ஆனால் வருத்தம் வந்தது, இன்னும் போகவில்லை.

13 ஜூலை 2025

நவம்பரில் தூவியது என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தீர்கள். நேற்றுப் போனேன். பார்த்தால் களைக்காடு. ராக்வீடும் நரிவால் புல்லும் இடுப்பு உயரம். எனக்கு முகம் விழுந்துவிட்டது. விதை பறிக்கக் கற்றுக்கொடுத்த அதே பெரியவர் என்னை உட்காரச் சொல்லி, களையை இரண்டு கையாலும் விலக்கினார். அடியில் நூல் மாதிரி புளூஸ்டெம் நாற்றுகள், பத்துப் பதினைந்து. இரண்டு மூன்று வருடம் வேர்தான் விடும், நாங்கள் மேலே களையை மட்டும் உயரத்தில் வெட்டிவிட்டுக்கொண்டிருப்போம் என்றார்.

கொஞ்சம் தள்ளி ஒற்றை இலை ஒன்று, என் நடுவிரல் நீளம், தொட்டால் சொரசொரப்பு. காம்பஸ் செடி. பூக்கப் பல வருடம் ஆகும். அந்தப் பெரியவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். அந்த இலையைச் சுற்றி இருந்த நாலு களையைப் பிடுங்கிவிட்டு, மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தார்.

அடுத்த விதை பறிப்பு அக்டோபரில். பக்கத்தில் இருப்பவர்கள் வருவதாக இருந்தால் எழுதுங்கள், வாளி அவர்களே கொடுப்பார்கள். காலுறை மட்டும் நீளமாகப் போட்டுக்கொண்டு வாருங்கள்.